சுவரும் சித்திரமும்: 'மூர் மூர்' விவரணப்படம் பற்றிய ஒரு நோக்கு

சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைய வேண்டும் என்பது எம்மவரிடையே வழங்கும் முதுமொழி. உடலைப் பேணவேண்டியதன் அவசியத்தை வற்புறுத்துதற்கே இது பெரும்பாலும் எடுத்தாளப்படுகின்றது. ஆயின், இம்முதுமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு நோக்குமிடத்து, அது கேட்காமல் விட்ட வினாவொன்று இருப்பதைக் காணலாம். சித்திரம் வரைபவனுக்குச் சுவர் வேண்டும் என்பது சரி, அச்சுவர் யாருடையது? முதுமொழி அதனை வரைபவனின் சொந்தச் சுவராகவே கொள்கின்றது. தமக்கெனச் சுவர் இல்லாதோர் சித்திரம் வரையப் புகும்போது நிகழ்வது யாது? இவ்வினாவை மனத்திற் கொண்டு, பிரெஞ்சுத் திரைப்பட நெறியாளர் அன்யெஸ் வார்தா (1928–2019) ஐக்கிய அமெரிக்காவின் பசுபிக் கரையிலே படமாக்கி 1981 இல் வெளியிட்ட 'மூர் மூர்' என்னும் விவரணப்படத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏறத்தாழ 80 நிமிடங்கள் ஓடும் இப்படம், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தினதும் அதன் கரையோரப் பகுதிகளினதும் சுவரோவியங்களைப் பற்றியது. 1960களின் இறுதியிலிருந்து அப்பிரதேசத்தில் நூற்றுக்கணக்கான சுவர்கள் ஓவியங்களைத் தாங்கத் தொடங்கின. கடைச் சுவர், தொழிற்சாலைச் சுவர், அரசாங்கக் குடியிருப்புச் சுவர், நெடுஞ்சாலையோரச் சுவர், வெள்ளவாய்க்காலின் கொங்கிரீட் சுவர் என்ற பேதமின்றி இக்கலை பரவியது. ஓவியக்கூடங்களின் கலைக்கு அங்கே வாங்குவோர் உளர், விலை உண்டு, விமர்சகர் உளர். சுவரோவியத்துக்கு வாங்குவோர் இல்லை. அதனைச் சுவரிலிருந்து கழற்றி விற்க முடியாது. விற்க முடியாத பொருள் என்பதே அதன் சிறப்பு. எளிதில் அழிக்கத்தக்க பொருளாக அது இருப்பதற்கும் அதுவே காரணம். இம்முரண்பாட்டை உணராமல் இப்படத்தின் பெறுமதியையும் குறைபாட்டையும் மதிப்பிடுதல் இயலாது.

1954 இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, கலை யாருக்காக என்ற வினாவை எமது விமர்சனத்துறை பலவாறு எழுப்பி வந்துள்ளது. யார் படைக்கிறார், யாருக்காகப் படைக்கிறார், எவ்வர்க்கத்தின் நோக்கிலிருந்து படைக்கிறார் என்பன பெரிதும் பேசப்பட்டன. படைப்பு எந்த இடத்தின்மீது நிற்கின்றது, அவ்விடம் எவருடைய உடைமை என்பது ஒப்பீட்டளவிற் குறைவாகவே பேசப்பட்டது. இலக்கியத்தில் அவ்வினா பின்னணியில் மறைந்து நிற்கும். சுவரோவியத்தில் அதனை எவரும் மறைக்க முடியாது. ஆதலால், தொலைவிலுள்ள ஒரு கரையைப் பற்றிய இப்படம் எமக்கும் பயன்தரும் ஆய்வுப்பொருளாகின்றது.

நெறியாளரும் அவரது நோக்கும்

வார்தா திரைப்படத்துக்கு வருமுன் பாரிஸ் நகரின் தேசிய மக்கள் அரங்கிற் புகைப்படக் கலைஞராகப் பணியாற்றியவர். 1954 இல் அவர் படமாக்கிய முதற்படமான 'லா புவாந்த் கூர்த்', தென் பிரான்சின் செத் துறைமுகத்தை அடுத்த மீனவர் குடியிருப்பொன்றை நிலைக்களமாகக் கொண்டது. அங்கே மீனவர் தாமாகவே திரையில் தோன்றினர். 1968 இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரிலே கறுப்புச் சிறுத்தைகள் இயக்கம் பற்றி அவர் ஒரு குறும்படம் எடுத்தார். எனவே, கரையோர மக்களும் கலிபோர்னியாவின் இனப்பிரச்சினையும் அவருக்குப் புதியனவல்ல. 1979 இல் மீண்டும் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்த வார்தா, எடுக்க எண்ணியிருந்த கதைப்படம் கைகூடாத நிலையிலே, தெருக்களில் அலைந்து கண்ட சுவர்களைப் படமாக்கத் தொடங்கினார். படத்தின் வடிவத்தை இந்த அலைதலே தீர்மானித்தது.

படத்தின் பெயர் ஒரு சொல்விளையாட்டு. பிரெஞ்சு மொழியில் 'மூர்' என்பது சுவர். ஒருமையும் பன்மையுமாக அதனை அடுத்தடுத்துக் கூறும்போது 'முணுமுணுப்பு' என்னும் பொருள்படும் சொல் ஒலிக்கின்றது. சுவர்கள் முணுமுணுக்கின்றன என்பது கருத்து. இக்கருத்தைப் படம் ஒரு நுட்பமான உத்தியாலும் நிறைவேற்றுகின்றது. ஓவியம் திரையில் தோன்றும்போது அதனை வரைந்தவரின் பெயரை மெல்லிய குரலொன்று காதோடு சொல்வதுபோற் சொல்கின்றது. கலைக்கூடத்திலே ஓவியத்தின் அருகே ஒட்டப்படும் பெயர்ச்சீட்டு, சுவரோவியத்துக்குப் பெரும்பாலும் இல்லை. வழிப்போக்கர் ஆண்டுக்கணக்காகக் கண்டும் வரைந்தவர் யாரென அறியார். அந்தப் பெயரின்மையைப் போக்கும் நேர்மையான முயற்சி இம்முணுமுணுப்பு.

வார்தாவின் இரண்டாவது உத்தி, ஓவியத்தின் முன்னே மனிதரை நிறுத்துவதாகும். வரைந்தவரும் வரையப்பட்டவரும் அயலாரும் சுவரின்முன் நின்று பேசுகின்றனர். ஓவியம் மட்டும் சட்டகத்தை நிரப்பும் காட்சிகளைவிட, ஓவியமும் ஆளும் ஒருங்கே நிற்கும் காட்சிகளே நினைவில் நிலைக்கின்றன. ஓவியத்தின் அளவு என்ன என்பதை அடிக்கணக்கு உணர்த்தாது. அதன் கீழே நிற்கும் மனிதனின் உயரமே உணர்த்தும். கலையை அதன் வாழ்விடத்திலிருந்து பிரிக்காமற் காட்டும் இப்பண்பு, கலை பற்றிய விவரணப்படங்களில் அருகியே காணப்படுவதாகும். இவ்வகையில் 'மூர் மூர்' உயர்ந்த படம் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இருவகைச் சுவர்கள்

ஆயினும், படத்தில் அடுத்தடுத்து வரும் சுவர்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவற்றை இரு பெரும் பிரிவுகளாக வகுத்து நோக்குதல் பயன்தரும்.

முதலாவது, கடற்கரையை அண்டிய வெனிஸ் பகுதியினதும் நகரின் மேற்குப் புறத்தினதும் சுவர்கள். 1905 இல் அபொட் கின்னி என்னும் தொழிலதிபர் இத்தாலிய நகரமொன்றைப் பின்பற்றி, கால்வாய்களோடு கட்டியெழுப்பிய பகுதியே வெனிஸ். பின்னர் அது சீர்குலைந்து, வாடகை மலிந்து, கவிஞரும் ஓவியரும் வந்து குடியேறும் இடமாயிற்று. அங்கே விக்டர் ஹெண்டர்சன், டெரி ஷூன்ஹோவன் முதலியோர் 1969 அளவில் ஓர் ஓவியக் குழுவாக இயங்கத் தொடங்கினர். 'பனிபெய்யும் வெனிஸ்' (1970) என்ற ஓவியத்தில், பனியே காணாத அக்கடற்கரையை அவர்கள் பனியால் மூடிக்காட்டினர். 'கலிபோர்னியாத் தீவு' என்ற ஓவியத்தில், நிலநடுக்கத்தால் மாநிலம் கடலில் மூழ்கியபின் எஞ்சி நிற்கும் நெடுஞ்சாலையின் முறிந்த துண்டொன்று அலைகளின்மேல் தொங்குகின்றது. 1979 இல் ஷூன்ஹோவன் வெனிஸ் தெருவொன்றின் சுவரில், அத்தெருவையே கண்ணாடியிற் பார்ப்பதுபோல வரைந்தார்.

தொழில்நுட்பத் திறனில் இவை வியக்கத்தக்கவை. இவற்றுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு: இவை சுவரை இல்லாமற் செய்கின்றன. பார்ப்பவன் சுவரைக் காண்பதில்லை. அதனூடே கடலையோ தெருவையோ காண்கிறான். ஆனால், சுவர் உண்மையில் இல்லாமற் போவதில்லை. 'பனிபெய்யும் வெனிஸ்' வரையப்பட்ட சுவரின் முன்னே பின்னர் ஒரு கட்டடம் எழுந்து ஓவியத்தை மறைத்துவிட்டது. கடற்கரை நிலத்தின் விலை, சுவரை மறக்கச் செய்த ஓவியத்துக்குச் சுவரின் இருப்பை நினைவூட்டிற்று எனலாம்.

இரண்டாவது, நகரின் கிழக்குப் புறத்திலே மெக்சிக்கோ வம்சாவளித் தொழிலாளர் வாழும் பகுதிகளின் சுவர்கள். இவற்றின் வரலாறு 1932 இலிருந்து தொடங்குகின்றது. மெக்சிக்கோவின் புரட்சி ஓவியர் தாவீத் அல்பாரோ சிக்கெய்ரோஸ், சுற்றுலாப் பயணிகளைக் கவரும் ஒல்வேரா வீதியிலே 'வெப்பமண்டல அமெரிக்கா' என்ற பொருளில் ஒரு சுவரோவியம் வரையுமாறு கேட்கப்பட்டார். பழமும் பறவையும் பசுஞ்சோலையும் நிறைந்த காட்சியை எதிர்பார்த்தோருக்கு அவர் காட்டியது வேறு. சிலுவையில் அறையப்பட்ட பூர்வகுடி மனிதன் ஒருவனும் அவன் தலைக்குமேல் அமெரிக்கக் கழுகும் அங்கே இடம்பெற்றன. சில ஆண்டுகளுக்குள் அது முற்றாக வெள்ளையடிக்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் வெயிலும் மழையும் அவ்வெள்ளையை அரிக்க, உருவம் மெல்ல மீண்டும் தெரியலாயிற்று. கிழக்குப் புறத்தின் இளந்தலைமுறையினர் சுவர்களை நோக்கித் திரும்பிய காலமும் அதுவே. அவ்வோவியம் பாதுகாக்கப்பட்டு 2012 இலேயே மக்கள் பார்வைக்கு வந்தது.

அடுத்த திருப்பம் 1970 ஓகஸ்ட் 29. வியட்நாம் போருக்கு எதிராக அன்று கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிக்கோ வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். ஊர்வலம் பொலிஸாரால் வன்முறையாகக் கலைக்கப்பட்டது. ரூபன் சலசார் என்ற பத்திரிகையாளர் கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி உயிரிழந்தார். இந்நிகழ்ச்சியை, செய்திப்படத்தின் துண்டுகளை அடுக்கியதுபோலக் கறுப்பு வெள்ளையில், எஸ்ட்ராடா கோர்ட்ஸ் என்ற அரசாங்கக் குடியிருப்பின் சுவரிலே வில்லி ஹெரோனும் குரோங்க் என்பவரும் 1973 இல் வரையத் தொடங்கினர். அதற்கு முந்திய ஆண்டிலே, தம் தம்பி கத்திக்குத்துக்கு உள்ளான சந்தினுள், ஹெரோன் 'வெடித்துப் பிளந்த சுவர்' என்ற ஓவியத்தை வரைந்திருந்தார். அச்சுவரில் இளைஞர் குழுக்கள் ஏற்கெனவே கிறுக்கியிருந்த பெயர்களை அவர் அழிக்கவில்லை. அவற்றோடு சேர்த்தே வரைந்தார்.

மேற்குப் புறத்து ஓவியத்தோடு இதனை ஒப்புநோக்கின் வேறுபாடு புலனாகும். அங்கே சுவர் மறைகின்றது. இங்கே சுவர் பிளக்கின்றது. பிளப்பதற்குச் சுவர் இருந்தே ஆகவேண்டும். வறுமை, பொலிஸ், இனவொதுக்கல் ஆகியவற்றால் அடைபட்ட ஒரு வாழ்வின் சுவராகவே அது நிற்கின்றது. ஓவியன் அதனை மறக்கவோ மறக்கச்செய்யவோ விரும்பவில்லை.

ஹெரோன், ஷூன்ஹோவன் இருவரையும் வார்தா தம் படத்திற் சந்திக்கிறார். ஹெரோனின் இசைக்குழுவான 'லொஸ் இல்லீகல்ஸ்' ('சட்டவிரோதமானோர்') படத்தில் ஒலிக்கின்றது. எனவே, கிழக்குப் புறத்தை அவர் புறக்கணித்தார் என்று கூறுதல் பொருந்தாது. எமது விமர்சனம் வேறொன்று. படத்தின் அமைப்பு சந்திப்பு முறையிலானது. காரண காரிய முறையிலானதன்று. இன்று இச்சுவர், நாளை அச்சுவர் என்று கமரா நகர்கின்றது. ஒவ்வொன்றும் ஒரு வியப்பு. இவ்வாறு நகரும் பார்வையில், பொழுதுபோக்கின் சுவரும் துயரத்தின் சுவரும் ஒரே வரிசையிலே வண்ணங்களாக அமைந்துவிடுகின்றன. ஏன் இங்கே பனியும் அங்கே இரத்தமும் வரையப்பட்டன என்ற வினாவுக்கான விடை, பார்வையாளனே தேடிக்கொள்ள வேண்டியதாகின்றது.

இறைச்சித் தொழிற்சாலையின் சுவர்

அவ்விடையை அண்மித்து வரும் ஒரு பகுதி படத்தில் உண்டு. வேர்னன் என்னும் தொழிற்சாலைப் பகுதியிலே, 'ஃபாமர் ஜோன்' என்ற பெயரில் பன்றி இறைச்சி விற்ற நிறுவனத்தின் கொல்களமும் பதனிடும் ஆலையும் இருந்தன. அதன் வெளிச்சுவர் முழுவதும் பசும்புல்வெளியும் நீலவானும் மகிழ்ந்து விளையாடும் பன்றிகளும் வரையப்பட்டிருந்தன. ஹொலிவூட் படங்களுக்குக் காட்சித்திரை வரைந்து பழகிய லெஸ் கிரைம்ஸ் 1957 இல் இப்பணியைத் தொடங்கினார். பதினொரு ஆண்டுகள் வரைந்தபின், 1968 இல், வேலைக்கான சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். ஆர்னோ ஜோர்டன் என்பவர் அப்பணியைத் தொடர்ந்தார்.

இச்சுவரைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. சுவரின் வெளிப்புறத்திற் பன்றிகள் வெயில் காய்கின்றன. உட்புறத்தில் அவை வெட்டப்படுகின்றன. கொல்களத்துத் தொழிலாளியின் உழைப்பை வழிப்போக்கனின் கண்ணிலிருந்து மறைப்பதே ஓவியத்தின் பணி. இதில் ஓவியனும் முதலாளியின் கூலியாள்தான். தொழிற்சாலையினுள் விபத்து நேர்ந்தால் தொழிலாளி எவ்வாறு வீழ்வானோ அவ்வாறே அவனும் வெளியே வீழ்ந்தான். கலைஞன் உழைப்பாளியே என்ற கூற்றைப் பல கட்டுரைகளிற் படித்திருக்கிறோம். அதனை இத்துணைக் கசப்போடு உணர்த்தும் சான்று எமக்கு வேறு தோன்றவில்லை.

இவ்விளம்பரச் சுவரை ஏனைய சுவரோவியங்களோடு சேர்த்துக் காட்டியது வார்தாவின் பிழையென்று சிலர் கூறலாம். வணிக விளம்பரமும் மக்கட் கலையும் ஒன்றாகுமா என்பது அவர்தம் வாதமாக இருக்கும். நாம் அவ்வாறு கருதவில்லை. இச்சுவரைக் கண்ட பின்னர், மற்றச் சுவர்களின் மறுபுறத்தையும் பற்றிச் சிந்திக்கப் பார்வையாளன் தூண்டப்படுகிறான். எஸ்ட்ராடா கோர்ட்ஸ் சுவரின் பின்னே ஒரு குடும்பம் வாழ்கின்றது. அது அரசாங்கத்தின் வாடகைக் குடியிருப்பு. வெனிஸ் சுவரின் பின்னே இருப்பது விலை ஏறிக்கொண்டிருக்கும் ஒரு காணி. சுவரோவியத்துக்கு மறுபுறம் உண்டு என்ற இவ்வறிவை, அலைந்து திரியும் அதன் வடிவத்தையும் மீறி, படம் இவ்விடத்தில் எமக்குத் தருகின்றது. வேர்னன் ஆலை 2023 இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. சுவரின் உட்புறம் வெறுமையான பின்னரும் அதன் வெளிப்புறம் எதற்காகச் சிரித்தது என்பதற்கு இப்படமே சாட்சி.

பெயரின் சிக்கல்

மேலே நாம் பாராட்டிய முணுமுணுப்பு உத்தியை இவ்விடத்தில் மீண்டும் நோக்குவோம். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு பெயர் என்பது, கலைஞனைத் தனியாளாகக் கொள்ளும் வழக்கத்தின் வழிவந்தது. வெனிஸ் ஓவியர்க்கு அது பொருந்தும். கூட்டாகச் செய்யப்பட்ட சுவர்க்கு அது பொருந்துமா?

படத்திலே தோன்றும் யூடித் பாக்கா, 1976 இல் வேறிரு பெண்களோடு சேர்ந்து வெனிஸ் பகுதியிலே பொதுக்கலை நிலையமொன்றை நிறுவியவர். முன்னாட் பொலிஸ் நிலையமொன்றே அதன் இருப்பிடமாயிற்று. அவ்வாண்டின் கோடையில் துஜுங்கா வெள்ளவாய்க்காலின் கொங்கிரீட் சுவரிலே 'லொஸ் ஏஞ்சல்ஸின் பெருஞ்சுவர்' தொடங்கியது. ஐந்து கோடைகாலங்களாக, 1983 வரை நீடித்த இப்பணியில் நானூறுக்கு மேற்பட்ட இளைஞர் ஈடுபட்டனர். அவர்களுட் பலர் சிறார் நீதிமன்றங்களின் வழியாக அனுப்பப்பட்டோர். 2,754 அடி நீளமான அச்சுவர், பூர்வகுடிகள் காலம் முதல் 1950கள் வரையான கலிபோர்னியாவின் வரலாற்றைக் கூறுகின்றது. பாடநூல்களிற் சிறு இடமே பெற்ற நிகழ்ச்சிகள் அங்கே அடிக்கணக்கில் விரிகின்றன. 1930களில் மெக்சிக்கோ வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் நாடுகடத்தப்பட்டமை, இரண்டாம் உலகப்போரின்போது யப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டமை ஆகியன அவற்றுட் சில. 1950களுக்குப் பிந்திய பகுதிகளைச் சேர்ப்பதற்கு 2021 இல் ஒரு மன்றம் ஐம்பது இலட்சம் டொலர் வழங்கியது.

இத்தகைய சுவரின்முன் எத்தனை பெயர்களை முணுமுணுப்பது? நானூறு பெயர்களையும் கூறின் அது முணுமுணுப்பாக இராது. ஊரவை ஒன்றின் ஆரவாரமாக இருக்கும். ஒரு பெயரை மட்டும் கூறின் உண்மை குறைபடும். இச்சிக்கல் வார்தாவினால் உண்டானதன்று. கலை பற்றி நாம் யாவரும் பேசும் மொழியிலேயே அது உறைந்துள்ளது. எனினும், படம் தன் அழகிய உத்தியின் எல்லையை ஓரிடத்திலேனும் தானே சோதித்திருக்கலாம் என்பது எமது கருத்து.

பெயரின் சிக்கல் வெறும் அழகியற் சிக்கலன்று. சட்டத்திலும் அது பிரதிபலிக்கின்றது. கலிபோர்னியாவில் 1979 ஆம் ஆண்டுச் சட்டமும், 1990 ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டமும் ஓவியங்களை அழிவிலிருந்து காக்கும் நோக்கில் வந்தவை. மதிப்புப் பெற்ற படைப்பு என ஏற்கப்பட்டவற்றுக்கே அவை காப்பளிக்கும். படத்தில் இடம்பெறும் கென்ட் டுவிச்செல், ஓவியர் எட் ருஷேயின் உருவத்தை ஆறு மாடி உயரத்தில், 1978 முதல் 1987 வரை உழைத்து வரைந்தார். 2006 இல் அது முன்னறிவித்தலின்றி வர்ணம் பூசி அழிக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 2008 இல் 11 இலட்சம் டொலர் இழப்பீடு பெற்றார். அது நியாயமானதே. ஆனால், குடியிருப்பொன்றின் சிறுவர்கள் கூடி வரைந்த சுவர் அழியும்போது யார் வழக்குத் தொடர்வர்? மதிப்புப் பெற்ற படைப்பு என்று அதற்கு யார் சாட்சி கூறுவர்? அறியப்பட்ட பெயர் உள்ளவனின் சுவருக்கு விலை கிடைக்கின்றது. அத்தகைய பெயர் இல்லாதோரின் சுவருக்குக் கிடைப்பது வெள்ளைச் சாயம்.

விளம்பர நிறுவனங்கள் இதில் வகித்த பங்கும் குறிப்பிடத்தக்கது. சுவரோவியத்துக்கு இடமுண்டெனின் விளம்பரத்துக்கு ஏன் இல்லை என்று அவை வழக்காடின. அதன் விளைவாக 2002 முதல் 2013 வரை, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே தனியார் கட்டடங்களிற் புதிய சுவரோவியம் வரைதல் தடைசெய்யப்பட்டிருந்தது. உலகின் சுவரோவியத் தலைநகர் எனப் பெயர்பெற்ற நகரத்தில் பதினோராண்டுக் காலம் அக்கலை சட்டவிரோதமாயிற்று. முணுமுணுக்கும் சுவர்களின் வாயை அடைத்தது எதிர்க்கலையொன்றன்று. இடத்துக்கான சந்தைப் போட்டியே.

இதனைக் கிழக்குப் புறத்துக் கலைஞர் சிலர் முன்னரே உணர்ந்திருந்தனர் எனத் தோன்றுகின்றது. ஹெரோன், குரோங்க், பட்சி வல்டெஸ், ஹரி கம்போவா ஆகிய நால்வரும் 'அஸ்கோ' (அருவருப்பு) என்னும் குழுவாக இயங்கினர். 1972 டிசம்பரில் அவர்களுட் சிலர், சுவரோவியத்தின் பாத்திரங்கள்போல வேடமணிந்து தெருவழியே நடந்து சென்றனர். 'நடக்கும் சுவரோவியம்' என்பது அதன் பெயர். அதே ஆண்டில், நகரின் கலைக்காட்சிச்சாலைச் சுவரிலே தம் பெயர்களைத் தெளித்தெழுதிவிட்டு, தமக்கு இடந்தராத அம்மாளிகையே தமது படைப்பு என்றனர். மறுநாள் அது வெள்ளையடிக்கப்பட்டது. சுவர் இல்லாதோர் தம் உடலையே சித்திரமாக்கினர். பெயர் இல்லாதோர் பிறர் சுவரில் தம் பெயரைத் தாமே எழுதினர். அவர்கள் உரக்கச் சொன்னதையே, பத்தாண்டுகளின்பின் வார்தாவின் படம் மெல்லச் சொன்னது.

இரண்டாவது படம்

படத்தைச் சமூகவியல் நூலாகக் கொண்டு குறைகூறுதல் முறையா என்று கேட்கலாம். வந்தேறிய ஒரு பெண்ணின் கண்வழியே காணப்பட்ட நகரம் இது. அவ்வளவில் அதனை ஏற்கவேண்டும் என்பது அவ்வாதத்தின் சாரம். இதற்கு விடையை வார்தாவே அளித்துள்ளார் எனலாம். 'மூர் மூர்' முடியும் இடத்திலிருந்தே, அதே 1981 இல் வெளியான 'டொக்குமாந்தர்' என்ற அவரது சிறிய கதைப்படம் தொடங்குகின்றது. 'ஆவணம்' என்னும் சொல்லோடு 'பொய்யர்' என்னும் சொல்லைப் பிணைத்த பெயர் அது. 'மூர் மூர்' படத்தைத் தொகுத்த சபின் மமூ அதில் முதன்மைப் பாத்திரமேற்றார். வார்தாவின் மகனே அப்பாத்திரத்தின் மகனாக நடித்தார்.

கணவனைப் பிரிந்த பிரெஞ்சுப் பெண்ணொருத்தி, தட்டச்சுப் பணியாற்றிக்கொண்டு, தனக்கும் சிறுவனுக்கும் குடியிருக்க ஓர் அறை தேடி லொஸ் ஏஞ்சல்ஸில் அலைகிறாள் என்பதே அதன் கதை. முதற்படத்தின் வண்ணங்கள் இங்கே அடங்கிவிடுகின்றன. முதற்படத்தில் வெளிப்புறத்திலிருந்து பார்த்து வியந்த சுவரை, இரண்டாவது படம் உட்புறத்திலிருந்து தேடுகின்றது. தங்குவதற்கு நான்கு சுவர் இல்லாத ஒருத்திக்கு, நகரத்தின் ஓவியச் சுவர்கள் யாவும் வெளிப்புறமே. முதற்படத்தில் எம்மால் நிறைவின்மையாக உணரப்பட்ட மறுபுறத்தை, இரண்டாவது படம் ஒரு தனி வாழ்வின் அளவிலேனும் நிறைவு செய்கின்றது. இவ்விரு படங்களையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். பிரித்துப் பார்ப்பின் முதலாவது படம் சுற்றுலாவாகவும், இரண்டாவது தனிமனித சோகமாகவும் சுருங்கும்.

ஆவணமும் காப்பும்

'மூர் மூர்' காட்டிய சுவர்களுட் பல இன்று இல்லை. சில இடிக்கப்பட்டன; சில வெளிறின; சில சாயத்தின் கீழே மறைந்தன. அதனால், கலிபோர்னியாவின் அக்காலக் கலையை ஆராய்வோர்க்கு இப்படம் இன்று தவிர்க்கவியலாத ஆவணமாகியுள்ளது. இதனைக் கொண்டு, அழிந்த கலையைத் திரைப்படம் காத்தது என்று மகிழ்வோர் உளர். அம்மகிழ்ச்சியில் நாம் முழுமையாகப் பங்குகொள்ள இயலாது. சுவரோவியம் என்பது படிமம் மட்டுமன்று. தன் வீட்டுச் சந்தில் தன் மக்களின் முகத்தைக் கண்டவாறு வேலைக்குச் செல்லும் ஒருவனுக்கும் அச்சுவருக்கும் இடையிலான அன்றாட உறவும் அதிலடங்கும். படிமத்தைப் படச்சுருள் காத்தது. உறவைக் காப்பதற்கு, சுவரின்மீது அவனுக்கும் உரிமை இருக்கவேண்டும். அதனைத் திரைப்படம் வழங்க முடியாது. திரைப்படம் காத்துவிட்டது என்ற ஆறுதல், சுவரை இழந்தோருக்கு வேறு எதுவும் செய்யவேண்டியதில்லை என்ற அலட்சியமாக மாறிவிடக்கூடாது.

வார்தா தம் இறுதிக் காலத்தில் மீண்டும் சுவர்களிடம் திரும்பினார். 2017 இல் ஜே.ஆர். என்ற இளங்கலைஞரோடு இணைந்து நெறிப்படுத்திய 'முகங்கள், ஊர்கள்' என்ற விவரணப்படத்தில், சாதாரண மக்களின் உருவங்களைப் பேரளவில் அச்சிட்டு அவர்கள் வாழும் இடங்களிலேயே ஒட்டினர். லு ஆவ்ர் துறைமுகத்தில், கப்பற் கொள்கலன்களை அடுக்கி, துறைமுகத் தொழிலாளரின் மனைவியர் மூவரின் உருவங்களை அவற்றின்மேல் ஏற்றினர். நோர்மண்டிக் கடற்கரையிலே சரிந்து கிடந்த போர்க்கால அரண் ஒன்றில் ஒட்டிய படத்தைக் கடல் ஓரிரவிலேயே கழுவிச்சென்றது. அதனையும் படம் மறைக்கவில்லை. 1981 இல் வரைந்தவரின் பெயரை முணுமுணுத்த நெறியாளர், முப்பத்தாறு ஆண்டுகளின்பின் வரையப்படுவோரின் பெயர்களையும் தொழில்களையும் கேட்டறிந்து பேசவைத்தார். 'மூர் மூர்' விட்ட இடத்தை அவரே உணர்ந்திருந்தார் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

தொகுத்து நோக்குமிடத்து, கலையை விற்பனைக் கூடத்திலிருந்து பிரித்துத் தெருவில் வைத்துப் பார்த்தமையும், பெயரற்றோர்க்குப் பெயர் கூறியமையும், கொல்களத்தின் சிரிக்கும் சுவரைக் காட்டியமையும் 'மூர் மூர்' படத்தின் நிலையான பேறுகள். சுவர்களை வேறுபடுத்தும் சமூகக் காரணங்களைத் தன் அமைப்பினுள் கொண்டுவராமையும், கூட்டுப்படைப்பைத் தனிப்பெயரின் அளவுகோலால் அளந்தமையும் அதன் குறைகள். இப்பேறுகளும் குறைகளும் சேர்ந்தே, ஒரு பிரதேசத்தின் கலையைப் பற்றி எழுதுவோர்க்கும் படமெடுப்போர்க்கும் ஒரு கடமையை நினைவூட்டுகின்றன. ஒரு சுவரின்முன் நிற்கும்போது, இதனை வரைந்தவர் யார் என்று கேட்பதோடு அமையாது, இச்சுவரின் பின்னே வாழ்பவர் யார், இதற்கு வெள்ளையடிக்கும் அதிகாரம் யார் கையில் உள்ளது என்னும் இரு வினாக்களையும் அவர்கள் கேட்டல் வேண்டும். அவ்வினாக்களோடு இப்படத்தை மீண்டும் ஒருமுறை பார்ப்போர், அது முணுமுணுத்தவற்றுட் பலவற்றை முன்னிலும் தெளிவாகக் கேட்பர் என்பது எமது நம்பிக்கை.